ஜனவரிக்குப் பூச்சியம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்த ஒரு கத்தோலிக்கக் கோயிலில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. மாலைப் பூசை தொடங்குவதற்கு முன்பு, அன்றைக்கு யார் யாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று பெயர்களை வாசிப்பார்கள். ஒரு பெயர் வாசிக்கப்பட்டதும் அந்த வீட்டார் இருக்கையை விட்டு எழுந்து நிற்பார்கள். இதை யார் தொடக்கி வைத்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வேறு கோயில்களிலிருந்து வருகிறவர்கள், நாமும் எழும்ப வேண்டுமோ என்று அக்கம்பக்கம் பார்த்து முழிப்பார்கள்.

மாக்ரெட் அம்மாவுக்கு நத்தாரும் ஈஸ்டரும் பெரிய விசயமில்லை. அவருடைய வருஷம் முழுவதும் செப்டம்பர் பன்னிரண்டாம் தேதிக்குத்தான் காத்திருந்தது. பல வருஷங்களுக்கு முன்பு அன்றைக்குத்தான் அவருடைய மூத்த மகன் நிக்கலஸ் இறந்தான். துறைமுகக் களஞ்சியமொன்றில் கிளார்க்காக இருந்தவன். ஒரு காலையில் அவனைத் தண்ணீரிலிருந்து பிணமாக எடுத்தார்கள். கால் வழுக்கி விழுந்துவிட்டான் என்று பொலிஸ் எழுதியது. ஆனால் பொலிஸ் எழுதியதை வாசித்துவிட்டா ஊர் கதைக்கிறது? அவனாகவே விழுந்தான், தற்கொலைக்குக் கோயிலில் பூசை ஏது என்று தெருவில் இரண்டு மூன்று வீடுகள் குசுகுசுத்தன. அந்தக் குசுகுசுப்பு மாக்ரெட் அம்மாவின் காதுக்கும் வந்தது. அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, பீடத்திலிருந்து தன் மகனின் பெயரை வாசிக்கும்போது, தெரு முழுக்கப் பார்க்கும்படி நிமிர்ந்து நிற்பார். கோயிலே அவனை ஏற்றுக்கொண்டிருக்கிறது, உங்களுக்கு என்ன வந்தது என்று அவர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அதில் இருக்கும்.

இளைய மகன் ரொனிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் இவ்வளவும் நடந்தது.

ரொனி மனைவி பிள்ளைகளோடு வெள்ளவத்தையில் இருந்தான். கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையில் மேல்மாடி வீடு, காலி நகருக்குப் போகும் பெருவீதியில் மென்பொருள் கொம்பனியில் வேலை, வாரத்துக்கு இரண்டு தடவை அம்மாவைப் பார்க்க பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனை. அம்மாவை வெள்ளவத்தைக்கு வந்துவிடும்படி கேட்டுக் கேட்டு அவன் வாய் ஓய்ந்துபோனது. அம்மாவோ கோயில் மணி கேட்காத இடத்தில் தனக்கு நித்திரை வராது என்றார்.

கோயில் அலுவலகத்தில் தியாகராசா என்று ஒரு வயதானவர் இருந்தார். பூசைக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் அவரிடம்தான் கொடுப்பார்கள். நல்ல மனிதர்தான், ஆனால் அவருடைய எழுத்து டொக்டர்களின் எழுத்தையும் தோற்கடித்துவிடும். வாசிக்க ஏறும் பிள்ளைகள் தாளை ஒருமுறையும் தியாகராசாவை ஒருமுறையும் பார்த்துத் திணறுவார்கள். ஒரு நாள் ரொனியைப் பிடித்துக்கொண்டு, "நீர் கொம்பியூட்டர் படிச்ச பிள்ளைதானே, இதுக்கு ஒரு வழி செய்து தாரும்" என்றார். ரொனி உற்சாகமாக ஒத்துக்கொண்டான். கோயிலுக்கு இனாமாகச் செய்வது ஒரு பக்கம், அம்மாவுக்குப் பெருமையாக இருக்கும் என்பது மறுபக்கம். பெயர்களையெல்லாம் ஒரு புரோகிராமில் ஏற்றினான். அந்தந்த நாளுக்குரிய பெயர்கள் பீடத்துக்குப் பக்கத்தில் மாட்டிய டீவியில் பெரிய எழுத்தில் தானாகவே வரும். வாசிக்கிறவர் அதைப் பார்த்து வாசித்தால் போதும்.

எப்போது தொடங்குவது என்று தியாகராசா கேட்டபோது, ரொனி யோசிக்காமல் செப்டம்பர் பன்னிரண்டு என்றான். இந்த டீவியில் முதன்முதலாக வரும் பெயர் தன் அண்ணனுடையதாக இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அந்தத் தேதிக்கு நிக்கலஸ் ஒருவனின் பெயர்தான் கொடுக்கப்பட்டிருந்தது. முதல் நாள் பத்துத் தடவை சோதித்துப் பார்த்தான். தேதியைக் கையால் அடித்துப் பார்த்தபோதெல்லாம் அண்ணனின் பெயர் அழகாக வந்து நின்றது.

பன்னிரண்டாம் தேதி மழை. கொட்டாஞ்சேனையில் மழை பெய்தால் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் வேறு. ரொனி ஒரு திரீவீலைப் பிடித்து, "மல்லி, கோயில் வாசலுக்குக் கிட்டவே விடுங்க, அம்மாவுக்கு நடக்க ஏலாது" என்று சாரதித் தம்பியிடம் சொல்லி அழைத்துவந்தான். அம்மா வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். நடு வரிசையில், எல்லோரும் பார்க்கக்கூடிய வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். முன் இருக்கையின் சாய்மானத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முழங்காலை நம்பி எழும்ப முடியாதல்லவா, கைகளைத் தயாராக வைத்திருந்தார்.

டீவியில் பெயர்கள் வந்தன. மூன்று பெயர்கள். வாசிக்க ஏறிய பெண்பிள்ளை தெளிவாக வாசித்தாள். முதல் பெயருக்கு ஒருவரும் எழும்பவில்லை. இரண்டாவதுக்கும் ஒருவரும் எழும்பவில்லை. அவள் கொஞ்சம் நிறுத்தி, சனத்தைப் பார்த்துவிட்டு, மூன்றாவதையும் வாசித்தாள். அதற்கும் இல்லை. மூன்றாவது பெயர்தான் தன் மகனுடையதாக இருக்கும் என்று அம்மா ஏற்கெனவே பாதி எழும்பிவிட்டிருந்தார். வேறு யாரோ ஒருவரின் பெயர்தான் கேட்டது. பாட்டுத் தொடங்கிவிட்டது.

அம்மா அப்படியே, பாதியில், சாய்மானத்தைப் பிடித்தபடி நின்றார். பின்வரிசையில் ஒருவர் இருமினார். பிறகு அம்மா மெல்ல உட்கார்ந்தார். ரொனி டீவியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். பூசை முழுவதும் அம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. நற்கருணை வாங்கவும் போகவில்லை.

திரும்பி வரும் திரீவீலில் ரொனி போனை எடுத்துத் தான் எழுதியதைத் திறந்து பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. இப்படி ஒரு விசயம் இந்தத் தொழிலில் இருக்கிறது. வெளியாட்களிடம் சொன்னால் பைத்தியக்காரர்கள் என்பார்கள். சில கணினி மொழிகளில், இன்றைக்கு எத்தனையாம் மாதம் என்று கேட்டால் ஜனவரிக்கு ஒன்று என்று சொல்லாது. பூச்சியம் என்று சொல்லும். பெப்ரவரிதான் ஒன்று. டிசம்பர் பதினொன்று. மாதங்களின் பெயர்களை வரிசையாக அடுக்கி வைத்து, முதலாவதைப் பூச்சியம் என்று கூப்பிட்டுப் பழகிய யாரோ சிலர் அந்தக் காலத்தில் செய்து வைத்த வேலை. பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சரி, எல்லாவற்றையும் பூச்சியத்திலிருந்து எண்ணினாலாவது பரவாயில்லை. தேதியை மட்டும் ஒழுங்காக ஒன்றிலிருந்து எண்ணுவார்கள்.

ரொனி அலுவலகத்தில் எழுதும் மொழியில் ஜனவரி ஒழுங்காக ஒன்றுதான். கோயில் டீவிக்கு எழுதியது வேறு மொழி. இந்த வித்தியாசம் அவனுக்குத் தெரியாதா? தெரியும். பக்கத்து மேசை நபீஸ் இதே பிழையை விட்டபோது ஒரு கிழமை கேலி செய்தவனே இவன்தான். தியாகராசாவின் தாள்களைப் பார்த்துச் செப்டம்பருக்கு ஒன்பது என்று பதிந்தான். கோயில் டீவி தன்னைத் தானே இன்றைக்கு எத்தனையாம் மாதம் என்று கேட்டபோது, எட்டு என்று பதில் வந்தது. எட்டாம் மாதம் பன்னிரண்டாம் தேதிக்குரிய ஆட்களைக் கொண்டுவந்து காட்டிவிட்டது. ஆகஸ்டில் செத்தவர்கள், அவர்களுக்காக எழுந்து நிற்க செப்டம்பர் மழையில் யார் வருவார்கள்? கையால் தேதி அடித்துச் சோதித்தபோது ஒன்பது என்று அவனே அடித்ததால் பிழை ஒளிந்துகொண்டது. ஒன்றைக் கூட்டினால் போதும். ஒரேயொரு ஒன்று.

ஒரு பக்கம் தன்மேல் எரிச்சல் வந்தாலும், மறுபக்கம் அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பிழை தன்னுடையது. வேறு யாரும் எதுவும் செய்யவில்லை. அம்மாவிடம் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்தான்.

வீட்டுக்குள் போய் அம்மாவைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்.

"அம்மா, அண்ணான்ர பேர் வராததுக்கு நான்தான் காரணம். என்ர புரோகிராமில ஒரு பிழை."

அம்மா தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பிழை?"

"அதுல மாசத்தை எண்ணுறது வேற மாதிரி. ஜனவரியைச் சைபர் எண்டுதான் எடுக்கும். செப்டம்பர் எட்டாப் போயிட்டுது. அதால ஆகஸ்ட் ஆக்களின்ர பேர் வந்திட்டுது."

"ஜனவரி சைபரா?"

"ஓம் அம்மா."

"அப்ப ஒண்டாந் தேதியும் சைபரா?"

"இல்ல. தேதி ஒண்டிலேர்ந்துதான்."

"வருஷம்?"

"வருஷமும் சரியா வரும்."

"மாசம் மட்டும் சைபர்."

"ஓம்," என்றான் ரொனி. அவனுடைய காதுக்கே அது எடுபடவில்லை. இருபது வருஷமாக இதைச் சர்வசாதாரணமாக நினைத்துப் பழகிய மனிதனுக்கு, அம்மாவின் முன்னால் உட்கார்ந்து சொல்லும்போதுதான் அது எவ்வளவு கேவலமான சாட்டு மாதிரி இருக்கிறது என்று தெரிந்தது.

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அவனுக்காக இரக்கப்படுவதுபோல இருந்தது. "ஏன் மகன் இப்பிடிக் கஷ்டப்பட்டு ஒரு கதை கட்டுறாய்? எனக்கு விளங்கும்."

"கதை இல்ல அம்மா. நான் காட்டுறன், இங்க பாருங்க" என்று போனை நீட்டினான். அம்மா போனைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்தாலும் அதில் இருந்தது அவருக்கு என்ன தெரியப்போகிறது?

"போன கிழமை புது பாதர் வீடு சந்திக்க வந்தவர்," என்றார் அம்மா. "நல்ல பிள்ளை. சுவரில இருக்கிற உன்ர அண்ணான்ர படத்தைப் பார்த்திட்டு, ஆர் எண்டு கேட்டவர். எப்பிடிச் செத்தவர் எண்டும் கேட்டவர். நான் உள்ளதைச் சொன்னன்."

"என்ன உள்ளது?"

அம்மா தேத்தண்ணிக் கோப்பையைத் தரையில் வைத்தார். "அண்டைக்குக் காலம நான் எழும்பேக்குள்ள, அவன்ர சங்கிலி என்ர தலகாணிக்குக் கீழ இருந்தது. சின்னதில கோயில்ல முதல் நன்மை எடுக்கேக்குள்ள போட்ட சங்கிலி. குளிக்கேக்குள்ளயும் கழட்டமாட்டான், உனக்குத் தெரியும். அதைக் கழட்டி எனக்குக் கிட்ட வச்சிட்டுப் போயிருக்கிறான். பொலிஸ் கேட்டவுடன சங்கிலி கடலோட போயிட்டுது எண்டு சொன்னன். பழைய பாதரிட்டயும் அப்பிடித்தான் சொன்னன். நான் பொய் சொன்னதாலதான் அவர் பூசை வச்சு அடக்கம் செய்தவர், இத்தனை வருஷமும் பேரும் வாசிச்சவை."

 அண்ணன் வழுக்கி விழுந்தான் என்று சொல்லித்தான் ரொனி பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரோடு அடிபட்டிருக்கிறான். அந்தச் சங்கிலியும் அம்மாவும் இத்தனை வருஷம் ஒரே வீட்டுக்குள் வாய்திறக்காமல் இருந்திருக்கிறார்கள். அவன் தேம்பித் தேம்பி அழுதான். அம்மா அழவில்லை. அவன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"பாதர் ஒண்டும் சொல்லேல்ல. தலையை ஆட்டினவர், என்ர கையைப் பிடிச்சு ஜெபிச்சிட்டுப் போனவர். எனக்குப் பாரம் குறைஞ்ச மாதிரி இருந்தது. இப்ப விளங்குது, ஏன் பேரை எடுத்தவர் எண்டு. உள்ளதைச் சொன்னா அவைக்கு வேற வழியில்லத்தானே. நான் அவரில கோவிக்கேல்ல."

"அம்மா, பாதர் ஒண்டையும் வெட்டேல்ல. அவருக்கு இந்தப் புரோகிராம் திறக்கவே தெரியாது."

"சரி மகன்," என்றார் அம்மா. குழந்தை அடம்பிடிக்கும்போது சொல்லும் சரி அது.

அடுத்த நாள் ரொனி வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பாதரிடம் போனான். பாதர் நீர்கொழும்புப் பக்கத்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் சிங்களம். ரொனி சொன்னதைக் கேட்டு அவர் பதறிப்போனார். இந்தக் காலத்தில் அப்படி இறந்தவர்களையும் திருச்சபை தள்ளிவைப்பதில்லை, அவர்களுக்காக இன்னும் கூடுதலாகத்தான் மன்றாடும் என்றார். தானே வந்து அம்மாவிடம் சொல்வதாகச் சொன்னார். போகும் வழியில் மாதக் கணக்கை இன்னொரு தடவை விளக்கும்படி கேட்டார். ரொனி விளக்கினான். பாதர் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். அங்கேதான் காரியம் கெட்டது.

அம்மா பாதருக்குக் கதிரை போட்டு, முன்னால் நின்றார். பாதர் உட்காராமல் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நான் உங்கட மகன்ர பேரை எடுக்கேல்ல. சத்தியமா இல்ல. இது மெஷின்ல வந்த பிழை. அதுல ஜனவரி மாசம் சைபராம். அதுக்குப் பிறகு பெப்ரவரி ஒண்டாம். அப்பிடி எண்ணுறதால செப்டம்பர் எட்டா வந்திட்டுதாம்."

ஒவ்வொரு பேச்சும் 'ஆம்' என்று முடியும்போதும் பாதர் ரொனியைத் திரும்பிப் பார்த்தார், சரியாகச் சொல்கிறேனா என்று. அம்மாவும் பாதரின் கண் போன இடத்தைப் பார்த்தார். ரொனிக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. பாதர் மேலும் சொன்னார்: கடவுளின் இரக்கத்தைப் பற்றி, நிக்கலஸைப் பற்றி, இன்றைக்கே மாலைப் பூசையில் தானே பெயரை வாசிப்பதைப் பற்றி. எல்லாம் நல்ல வார்த்தைகள், மனதிலிருந்து வந்தவை. ஆனால் முன்னால் சொன்ன அந்த ஜனவரி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. அம்மா ஒவ்வொன்றுக்கும் "ஓம் பாதர்" என்றார்.

பாதர் போனதும் அம்மா கதவைச் சாத்தினார்.

"பாவம் அந்தப் பிள்ளை. அவருக்கும் நீ இதைப் பாடமாக்கிக் குடுத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். ஒரு சாமியாரைப் பொய் சொல்ல வைக்கலாமா, ரொனி?"

"அம்மா, அது உண்மை. என்ர பிள்ளைகள் மேல ஆணையா உண்மை."

"பிள்ளைகளை இழுக்காத," என்று அம்மா அதட்டினார். பிறகு குரல் இறங்கியது. "நீ எனக்காகத்தான் செய்யிறாய், தெரியும். ஆனா இண்டைக்கு அவர் எனக்காக வாசிப்பார். வாற வருஷம் நீ போய்த் திரும்பக் கெஞ்ச வேணும். நான் செத்தாப் பிறகும் கெஞ்ச வேணும். என்ர பிள்ளைக்குப் பிச்சையா வாற பூசை வேண்டாம். நீ ஒண்டு செய். உன்ர மெஷின்ல அவன்ர பேரை எடுத்துவிடு. நீயே எடு. வேற ஆக்கள் எடுக்கிறதை நான் இன்னொருக்காப் பார்க்கமாட்டன்."

ரொனி முடிந்தவரை மறுத்துப் பார்த்தான். கெஞ்சினான், கோபப்பட்டான், கணினியைத் திறந்து ஆகஸ்ட் பெயர்களைக் காட்டினான். எதுவும் நடக்கவில்லை. கடைசியில் அம்மா அவன் பக்கத்தில் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நோக நின்றார். செய்து முடிக்கும்வரை உட்காரமாட்டேன் என்றார்.

லப்டொப்பில் அண்ணனின் பெயர் ஒரு வரியாக இருந்தது. நிக்கலஸ், பன்னிரண்டு, ஒன்பது. ஒன்பது என்பதில் ஒரு பிழையும் இல்லை. அந்த வரியைத் தொட்டால் போதும், போய்விடும். ரொனியின் விரல் அதற்குக் கிட்டப் போனது. அவனால் முடியவில்லை. இத்தனை வருஷம் அம்மா எழுந்து நின்றதெல்லாம் அந்த ஒரு வரிக்காகத்தானே. வேறொரு பக்கத்துக்குப் போய், ஒரு வெற்றுத் திரையை அம்மாவுக்குக் காட்டினான். அம்மாவின் கண்ணுக்கு எழுத்து இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

"எடுத்திட்டன் அம்மா," என்றான்.

ஜனவரியைப் பற்றி அவ்வளவு கேள்வி கேட்ட அம்மா இதற்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உடனே நம்பிவிட்டார். கதிரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, அந்த இரண்டு நாளில் முதன்முறையாக வாய்விட்டு அழுதார்.

"இனி என்ர பிள்ளையை ஒருத்தரும் வேண்டாம் எண்டு சொல்ல ஏலாது," என்று அழுகைக்குள் சொன்னார்.

அன்று மாலை கோயிலில் பாதர் டீவியைப் பார்க்காமல், பீடத்தில் நின்று தானே நிக்கலஸின் பெயரை வாசித்தார். அம்மா வீட்டில் இருந்தார். ரொனி மட்டும் தனியாக எழுந்து நின்றான்.